குடும்ப நீதிமன்றத்தில் நம் வழக்கை எந்த நீதிபதி கேட்பார் என்பதை முடிவு செய்வது யார்?

அல்லிக்கொடி எழுதியது:

ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு, பரஸ்பரச் சம்மத மணமுறிவு ஆகியவை பற்றி இங்கே பல இழைகள் இருக்கின்றன. ஆனால், தாக்கலான வழக்கு எந்த நீதிபதியிடம் போய்ச் சேருகிறது, ஏன் அவரிடம் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி ஒன்றும் கண்ணில் படவில்லை என்பதால் நானே தொடங்குகிறேன்.

நான் வசிக்கும் நகரத்தின் குடும்ப நீதிமன்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நீதிபதிகள் இருக்கிறார்கள். ஊரின் பெயரைச் சொல்லாமல் தவிர்க்கிறேன். கொடுமையைக் காரணமாகக் காட்டி நான் தாக்கல் செய்த மணமுறிவு மனு, பராமரிப்புத் தொகை கோரும் என் மனு, மகளைச் சந்திக்கும் உரிமை கோரி கணவர் தாக்கல் செய்த மனு என மூன்று வழக்குகள் எங்களுக்கிடையே நடக்கின்றன. மூன்றும் ஒரே கட்டடத்தில், மூன்று வெவ்வேறு நீதிபதிகளின் முன் இருக்கின்றன. ஒரு நீதிபதியிடம் சொன்னதை இன்னொருவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதோடு, ஒரே வாரத்தில் மூன்று வாய்தாக்களுக்கு விடுப்பு எடுக்க வேண்டியும் இருக்கிறது.

இதைவிட மனத்தை அரிப்பது வேறொன்று. மணமுறிவு மனுவைத் தொடக்கத்தில் விசாரித்த நீதிபதி பொறுமையாகக் கேட்டார். என் முதல் விசாரணையும் (என் வழக்கறிஞர் கேட்க நான் சொன்ன சாட்சியம்) எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையின் ஒரு பகுதியும் அவர் முன்னிலையில்தான் நடந்தன. பிறகு அவர் மாறினார், அடுத்தவர் வந்தார், சில மாதங்களில் வழக்கே வேறொரு கூடுதல் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. வழக்கமான அறையின் வாசலில் காத்திருந்தபோதுதான் வழக்கின் கோப்புக் கட்டு அங்கே இல்லை என்று தெரிந்தது. கணவரின் தரப்பு ஏதோ செய்து வழக்கை நகர்த்திவிட்டது என்று உறவினர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி ஒரு தரப்பு தனக்கு வேண்டிய நீதிபதியிடம் வழக்கைக் கொண்டுபோக முடியுமா? ஒரு பெண் நீதிபதி வேண்டும் என்று நான் கேட்க முடியுமா?


பழைய சிரஸ்தார் எழுதியது:

அம்மா, நான் நீதிமன்ற ஊழியராகச் சேர்ந்து சிரஸ்தாராக (நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை அலுவலராக) ஓய்வுபெற்றவன். சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் கட்டுகள் எப்படி நகரும் என்பதைப் பல ஆண்டுகள் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்விக்குள் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் முடிவு செய்பவர் வேறு என்பதால் மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வழக்கு எந்த ஊருக்குப் போகும் என்பது. இதில் எந்த மனிதரின் விருப்பத்துக்கும் இடமில்லை; சட்டமே சொல்லிவிடுகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் மனுத் தாக்கல் செய்யலாம். மனைவி மனுதாரராக இருந்தால் அவர் அப்போது வசிக்கும் இடத்திலும் தாக்கல் செய்யலாம் என்பது 2003இல் சேர்க்கப்பட்டது. குழந்தை தொடர்பான மனு, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தைப் பின்பற்றும். குடும்ப நீதிமன்றம் அமைக்கப்படாத பகுதிகளில், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இந்து மணமுறிவு மனுக்கள் சார்பு நீதிமன்றத்துக்கும் பராமரிப்பு மனுக்கள் குற்றவியல் நடுவரிடமும் செல்கின்றன.

இரண்டாவது, குடும்ப நீதிமன்றத்தின் நாற்காலியில் யார் அமர்வார் என்பது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தில் 3ஆம் பிரிவு, உயர் நீதிமன்றத்தைக் கலந்தாலோசித்து மாநில அரசு இந்நீதிமன்றங்களை அமைக்க வேண்டும் என்கிறது. 10 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் அமைத்தே ஆக வேண்டும், மற்ற இடங்களில் தேவையென்று கருதினால் அமைக்கலாம். 4ஆம் பிரிவின்படி, உயர் நீதிமன்றத்தின் இசைவோடு நீதிபதிகளை மாநில அரசு நியமிக்கிறது. நடைமுறையில் மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர்கள்தான் வருகிறார்கள். அவர்களை எங்கே அமர்த்துவது, எப்போது மாற்றுவது என்பது அரசியலமைப்பின் 235ஆம் உறுப்பு தரும் கட்டுப்பாட்டின் கீழ் உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. கோடை விடுமுறையையொட்டி வரும் பொது இடமாறுதல் பட்டியலில் ஒரு நீதிபதியின் பெயர் இருந்தால், அவர் முன் பாதியில் நிற்கும் வழக்குகளின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் அவர் போக வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் உங்களை வாட்டுவது: ஒரே நீதிமன்றத்தில் பல நீதிபதிகள் இருக்கும்போது எந்த வழக்கு யாரிடம் போகும் என்பது. இதைப் பற்றிச் சட்டத்தில் இருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு வாக்கியம். 4ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவின்படி ஒருவர் முதன்மை நீதிபதியாகவும் இன்னொருவர் கூடுதல் முதன்மை நீதிபதியாகவும் நியமிக்கப்படலாம். தமக்குத் தகுந்ததாகத் தோன்றும் வகையில் அவ்வப்போது நீதிபதிகளுக்கிடையே வேலையைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டை முதன்மை நீதிபதி செய்துகொள்ளலாம். அவ்வளவுதான். எண் வரிசைப்படியா, வழக்கின் வகைப்படியா, நிலுவையின் அளவைப் பார்த்தா என்பதை அவ்வாக்கியம் சொல்லவில்லை.

நான் பார்த்த வரையில், மனு தாக்கல் பிரிவில் சரிபார்க்கப்பட்டு, குறை இருந்தால் திருப்பித் தரப்பட்டு, குறை தீர்ந்தபின் எண்ணிடப்படும். அதன்பின் முதன்மை நீதிபதியின் அலுவலக ஆணைப்படி, சில இடங்களில் ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் இத்தனை வழக்குகள் என்று முறை வைத்தும், சில இடங்களில் நிலுவை குறைவாக உள்ள நீதிமன்றத்துக்குக் கூடுதலாகவும் கட்டுகள் அனுப்பப்படும். புதிதாக ஒரு கூடுதல் நீதிமன்றம் திறக்கப்பட்டால், இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டு வரை உள்ள வழக்குகள் என்று மொத்தமாகப் பிரித்து அங்கே கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கும் நாளில், கட்டுகளைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு போகும் அலுவலக உதவியாளருக்கு எந்தக் கட்டுக்குள் யாருடைய கண்ணீர் இருக்கிறது என்று தெரியாது. உங்கள் வழக்கு அத்தகைய மொத்த நகர்வில் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதை நீங்களே சரிபார்க்கலாம். மின்னணு நீதிமன்றத் தளத்தில் உங்கள் வழக்கின் எழுத்தும் இலக்கமுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்) இட்டால், வாய்தாக்களின் பட்டியலுக்குக் கீழே, வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு எந்தத் தேதியில் மாற்றப்பட்டது என்ற விவரம் தனியாக இருக்கும். அந்தத் தேதியைப் பாருங்கள். அதற்குச் சற்று முன்னர் உங்கள் நகரில் புதிய நீதிமன்றம் திறக்கப்பட்டதா என்பதையும் விசாரியுங்கள்.


மூன்றாம் வாய்தா எழுதியது:

சிரஸ்தார் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முதன்மை நீதிபதிக்குத் தகுந்ததாகத் தோன்றும் வகையில் என்று சட்டம் விட்டுவிட்டால், வழக்காடுபவர் எதைக் கொண்டு அதைச் சோதிப்பது? நானும் ஐந்து ஆண்டுகளாக மகனைப் பார்ப்பதற்காக வழக்காடும் தகப்பன்தான். என் வழக்கு இரண்டு முறை கைமாறியிருக்கிறது. இரண்டு முறையும் வாசலில் ஒட்டிய பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். யாரும் தவறு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தில் சந்தேகம் தானாக முளைத்துவிடுகிறது. அல்லிக்கொடி அம்மையாரின் உறவினர்கள் கணவரைச் சந்தேகிக்கிறார்கள். என் வீட்டில் மனைவியின் தரப்பைச் சந்தேகித்தார்கள். இருவர் சந்தேகமும் ஒரே வெற்றிடத்திலிருந்து பிறந்தவை.


வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

நான் மதுரையில் குடும்ப வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். சிரஸ்தார் ஐயா மூன்று கேள்விகளாகப் பிரித்துச் சொன்னது சரியே. அவற்றுக்கு மேலே உயர் நீதிமன்றத்தில் நடப்பதை நான் சேர்க்கிறேன். ஒரு தரப்பு வேண்டிய நீதிபதியிடம் வழக்கைக் கொண்டுபோக முடியுமா என்ற கேள்விக்கு அங்கேதான் முழு விடை கிடைக்கும்.

முதலில் பெண் நீதிபதி பற்றி. நியமனத்தில் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு சொல்கிறது. அது நியமிப்பவருக்கு இடப்பட்ட கட்டளை. வழக்காடுபவருக்குத் தரப்பட்ட உரிமை என்று அதைக் கொள்ள இயலாது. ஆகையால், என் வழக்கைப் பெண் நீதிபதிதான் கேட்க வேண்டும் என்று மனுப் போட வழியில்லை. அதே உட்பிரிவு, திருமண அமைப்பைக் காப்பதிலும் குழந்தைகளின் நலனிலும் பற்றுள்ளவர்களும், சமரசத்தாலும் ஆலோசனையாலும் பிணக்கைத் தீர்க்கும் அனுபவம் உள்ளவர்களும் நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட முயற்சி எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அடி தாங்க முடியாமல் வெளியேறி வந்த பெண்ணின் வழக்கைக் கேட்பவருக்குத் திருமணத்தைக் காப்பதுதான் முதல் தகுதியா என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். 1984இல் சட்டமியற்றியவர்களின் மனநிலை அது. நல்ல வேளையாக, இன்று அமர்ந்திருக்கும் நீதிபதிகளில் பெரும்பாலோர் அவ்வரியை அப்படிக் குறுக்கிப் படிப்பதில்லை.

இனி, வழக்கை மாற்றக் கோருவது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்ற வேண்டுமானால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டும். வேறு மாநிலத்துக்கு மாற்ற வேண்டுமானால் 25ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தை அணுக வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் இத்தகைய மனுக்கள் மிகுதியாகக் குவிந்ததால், 2019இல் விதிகளைத் திருத்தி, தனி நீதிபதியே அவற்றைக் கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். இரு நீதிபதிகளுக்குக் குறையாமல் அமரும் அந்த நீதிமன்றத்தில் இது அரிய விதிவிலக்கு. மாற்றம் கோருவோரில் பெரும்பாலானவர்கள் மனைவியர். 2022இல், வேலூர்க் குடும்ப நீதிமன்றத்திலிருந்து சென்னைக்கு வழக்கை மாற்ற உயர் நீதிமன்றம் மறுத்தபோது, உச்ச நீதிமன்றம் அதை மாற்றிக் கொடுத்து, இன்றைய சமூக, பொருளாதாரச் சூழலில் பொதுவாக மனைவியின் வசதியையே கருத்தில் கொள்ள வேண்டும் என்று கூறியது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இம்மனுக்களில் கேட்பது ஊர் மாற்றம்தான். இன்ன நீதிபதி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் கிடைக்காது. நீதிபதி ஒருதலைப்பட்சமாக நடக்கிறார் என்று சொல்லி மாற்றம் கோரலாம். ஆனால் அந்த அச்சத்துக்கு நியாயமான அடிப்படையைக் காட்ட வேண்டும். இடைக்கால மனுவில் எனக்கு எதிராக ஆணை வந்தது, வாய்தா தர மறுத்தார் என்பவை அடிப்படைகளாக ஏற்கப்படுவதில்லை. அப்படி ஏற்றால், தோற்ற ஒவ்வொருவரும் நீதிபதியை மாற்றிக்கொண்டே போவார்கள்.

ஒரு தரப்புக்குத் தேர்வு செய்யும் வாய்ப்பு உண்மையாகவே இருக்கும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அது சென்னையில் மட்டும் உள்ளது. குழந்தையின் பொறுப்பு, காப்பாளர் நியமனம் ஆகியவற்றில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 1865ஆம் ஆண்டின் அரச சாசனத்தின் 17ஆம் பிரிவு வழியாக நேரடி அதிகாரம் இருக்கிறது. குடும்ப நீதிமன்றம் வந்தபின் அவ்வதிகாரம் போய்விட்டதா என்ற வாதம் 1989இல் முழு அமர்வுக்குச் சென்று, போகவில்லை என்று முடிந்தது. மீண்டும் எழுந்த ஐயத்தை 2022 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரித்து, பெரும்பான்மைக் கருத்தாக அதே விடையைத் தந்தது. ஆக, சென்னையில் ஒரு தகப்பனோ தாயோ குழந்தைக்காகக் குடும்ப நீதிமன்றத்துக்கும் போகலாம், உயர் நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவுக்கும் (நேரடியாகத் தாக்கலாகும் வழக்குகளைக் கேட்கும் பிரிவு) போகலாம். வசதி உள்ளவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்போது, மணமுறிவு ஒரு நீதிபதியிடமும் குழந்தை வழக்கு முற்றிலும் வேறொரு நீதிமன்றத்திலும் நடக்கின்றன. மதுரையில் எங்களுக்கு இந்தத் தேர்வு கிடையாது.

வழக்குகள் இப்படிப் பிரிந்து போவது மேல்முறையீட்டிலும் தொடர்கிறது. குடும்ப நீதிமன்றத்தின் மணமுறிவுத் தீர்ப்பை எதிர்த்து குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் செய்யும் மேல்முறையீட்டை இரண்டு நீதிபதிகளாவது கொண்ட அமர்வு கேட்க வேண்டும். பராமரிப்புத் தொகை ஆணைக்கு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 144ஆம் பிரிவு) மேல்முறையீடு கிடையாது, சீராய்வுதான். அதைத் தனி நீதிபதி கேட்கிறார். அந்த அமர்வில் யார் யார் என்பதை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி முடிவு செய்கிறார். சில மாதங்களுக்கு ஒருமுறை பொறுப்புகள் மாறும்போது உங்கள் மேல்முறையீடும் புதியவர்கள் முன் போகும்.


நிரலாளன் எழுதியது:

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். வழக்கு எதுவும் இல்லை, என் அக்காவுக்குத் துணையாக நீதிமன்றம் போய் வந்த அனுபவம் மட்டும் உண்டு. எனக்கு விடை எளிமையாகத் தெரிகிறது. வழக்கு எண்ணிடப்பட்ட நொடியில், எந்த நீதிபதிக்குச் செல்ல வேண்டும் என்பதைக் கணினியே குலுக்கல் முறையில் ஒதுக்கிவிட்டால், முதன்மை நீதிபதியின் விருப்பம் என்ற பேச்சே எழாது.

2018 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு மூத்த நீதிபதிகள் செய்தியாளர்களைச் சந்தித்தபோது அவர்களுடைய முதன்மையான குறையே வழக்கு ஒதுக்கீடு பற்றியதுதான். அடுத்த மாதமே எந்த நீதிபதிக்கு எந்த வகை வழக்கு என்ற பட்டியல் பொதுவில் வெளியிடப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில், மூத்த வழக்கறிஞர் சாந்தி பூஷண் தொடுத்த வழக்கில், ஒதுக்கீட்டு அதிகாரம் தலைமை நீதிபதிக்கே உரியது என்று தீர்ப்பு வந்தாலும், பட்டியலை வெளியிடும் வழக்கம் நிலைத்துவிட்டது. அங்கே முடிந்தது ஒரு மாவட்டத் தலைநகரின் குடும்ப நீதிமன்றத்தில் ஏன் முடியவில்லை?


பழைய சிரஸ்தார் எழுதியது:

தம்பி, வெளியிட வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். பகிர்வு ஆணை ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு ஒரு துளி பசை போதும். நான் பணியாற்றிய இடத்தில் ஒரு முதன்மை நீதிபதி, புதிய நீதிமன்றம் திறந்தபோது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எங்கே போகின்றன என்பதைத் தட்டச்சு செய்து வாசலில் ஒட்டச் சொன்னார். அன்றைக்கு எங்கள் மேசைக்கு வந்து விசாரித்தவர்கள் பத்துப் பேருக்கு மேல் இல்லை. அவருக்குப் பின் வந்தவர் ஒட்டவில்லை. எங்கள் மேசையில் ஒரு வாரம் கூட்டம் நின்றது.

குலுக்கலை மட்டும் ஏற்க மாட்டேன். அல்லிக்கொடி அம்மாவின் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மனுக்கள் மூன்று வெவ்வேறு காலங்களில் தாக்கலாகியிருக்கின்றன. கணினி ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குலுக்கிப் போட்டால் அவை மூன்று இடங்களுக்குப் போவதற்கே வாய்ப்பு மிகுதி. இப்போது அவர் படும் துன்பமே அதுதானே. முதல் மனு எங்கே போகிறது என்பதைக் குலுக்கலில் விடலாம். அதன் பிறகு அதே கணவன் மனைவிக்கிடையே வரும் எந்த மனுவும் முதல் மனு இருக்கும் இடத்துக்கே போக வேண்டும் என்று கட்டளையிட வேண்டும். தாக்கல் செய்யும்போதே, இவர்களுக்கிடையே வேறு வழக்கு நிலுவையில் உள்ளதா என்று மனுவில் ஒரு பத்தி எழுதச் சொல்கிறார்கள். அந்தப் பத்தியை ஒழுங்காக எழுதும் தரப்பும் குறைவு, எண்ணிடும்போது அதைப் படித்துப் பார்க்க நேரம் உள்ள எழுத்தரும் குறைவு. எங்கள் பக்கத்துக் குறை இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.


வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

ஐயா சொன்னதற்குச் சட்டத்திலேயே ஒரு சாயல் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 21அ பிரிவு, ஒருவர் மணமுறிவோ நீதிமன்றப் பிரிந்துவாழ்தலோ கோரி மனுச் செய்தபின் மற்றவரும் அவ்வாறே மனுச் செய்தால், பிந்தைய மனு முந்தைய மனு இருக்கும் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு இரண்டும் சேர்த்து விசாரிக்கப்பட வேண்டும் என்கிறது. பராமரிப்பும் குழந்தை வழக்கும் அப்பிரிவுக்குள் நேரடியாக வராவிட்டாலும், ஒரே குடும்ப நீதிமன்றத்துக்குள் இருக்கும் மூன்று மனுக்களையும் ஒரே நீதிபதியிடம் கொண்டுவரும்படி முதன்மை நீதிபதியைக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பகிர்ந்தளிக்கும் அதிகாரம் இருப்பவருக்குச் சேர்த்தளிக்கும் அதிகாரமும் உண்டு. அல்லிக்கொடி அவர்கள் தம் வழக்கறிஞர் வழியாக, மூன்று வழக்குகளின் எண்களையும், எது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும், ஒரே வாரத்தில் மூன்று நாட்கள் வர நேர்ந்த தேதிகளையும் குறிப்பிட்டு முதன்மை நீதிபதியிடம் மனுச் செய்யலாம். நீதிபதி யாரைப் பற்றியும் ஒரு சொல்கூட எழுத வேண்டாம். அப்படி எழுதினால், வசதி பற்றிய மனு குற்றச்சாட்டு மனுவாக மாறிவிடும்; பதில் கேட்பதிலேயே நான்கு வாய்தாக்கள் போய்விடும்.

நான் இந்த இழையில் எல்லோரிடமிருந்தும் சற்று வேறுபடுகிறேன். எந்த நீதிபதியிடம் வழக்கு போகிறது என்பதைவிட, போன வழக்கை அவரே முடிக்கிறாரா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் கட்டளை, 15ஆம் விதியின்படி, பாதியில் மாறிப்போன நீதிபதி பதிவுசெய்த சாட்சியத்தைத் தாமே பதிவுசெய்ததாகக் கொண்டு புதியவர் விசாரணையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடன் பத்திர வழக்கில் இதனால் பெரிய இழப்பு இல்லை. காகிதம் எல்லா நீதிபதிக்கும் ஒரே மாதிரிதான் பேசும். கொடுமை வழக்கில் அப்படியா? சாட்சிக் கூண்டில் ஒரு பெண் எந்தக் கேள்விக்குத் தயங்கினார், எந்தக் கேள்விக்குக் குரல் உடைந்தது, கணவர் எதைக் கேட்டுச் சிரித்தார் என்பவையெல்லாம் தட்டச்சு செய்த தாளில் ஏறுவதில்லை. தீர்ப்பு எழுதுபவர் அவற்றைக் காணாதவராக இருந்துவிடுகிறார். குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி சமரசத்துக்கு முயல வேண்டிய கடமையும் நீதிபதிக்கு இருப்பதால், ஒருவர் மூன்று அமர்வுகளில் இரு தரப்பையும் ஓரளவு நெருங்கி வரச் செய்திருந்தால், அவர் போனதும் அந்த உழைப்பும் போய்விடுகிறது.

நீதிபதிகளை ஒரே இடத்தில் நெடுங்காலம் வைத்திருக்கக் கூடாது என்பதற்கும் தகுந்த காரணங்கள் உண்டு, மறுக்கவில்லை. குடும்ப நீதிமன்ற நீதிபதியை மட்டுமாவது, சாட்சியம் முடிந்து தீர்ப்புக்கு நிற்கும் வழக்குகளை முடித்தபின் விடுவிக்கலாம் என்பதே என் கருத்து. பொறுப்பு நீதிபதிக் காலத்தைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. இடம் காலியாகி, பக்கத்து நீதிமன்றத்து நீதிபதி கூடுதலாகக் கவனிக்கும் மாதங்களில், அவசர மனுக்களைத் தவிர மற்றவற்றுக்கு வாய்தாதான்.


மூன்றாம் வாய்தா எழுதியது:

சாட்சிக் கூண்டில் குரல் உடைந்ததை நீதிபதி பார்க்க வேண்டும் என்ற வாதம் இரு பக்கமும் வெட்டும். நன்றாக அழத் தெரிந்தவருக்கு அது சாதகம், என்னைப் போல் கூண்டில் ஏறினால் மரம்போல் நின்றுவிடுபவருக்குப் பாதகம். காகிதத்தை மட்டும் படிக்கும் புதிய நீதிபதி எனக்கு நல்லவராகவே அமைந்தார். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மகனைப் பார்க்கும் ஆணை அவரிடமிருந்துதான் வந்தது. ஆனால் ஒரே நீதிபதியிடம் எல்லா வழக்குகளும் இருக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். பராமரிப்பு வழக்கில் எனக்கு வருமானம் மிகுதி என்று வாதிட்ட தரப்பே, குழந்தை வழக்கில் எனக்கு நிலையான வருமானம் இல்லை என்று வாதிட்டது. இரண்டையும் ஒரே காது கேட்டிருந்தால் அந்த வாதம் எழுந்திருக்காது.


அல்லிக்கொடி எழுதியது:

ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

சிரஸ்தார் ஐயா சொன்னபடி சி.என்.ஆர். எண்ணை இட்டுப் பார்த்தேன். வழக்கு மாற்றப்பட்ட தேதி, எங்கள் நகரில் புதிய கூடுதல் நீதிமன்றம் செயல்படத் தொடங்கிய வாரத்தில் விழுகிறது. என் வழக்கறிஞரிடம் கேட்டபோது, அதே ஆண்டில் பதிவான அவருடைய வேறு கட்சிக்காரர்களின் வழக்குகளும் அன்றே அங்கே போயிருப்பதாகச் சொன்னார். வழக்கை மாற்றிய நாளிலேயே இதை ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால், எத்தனை இரவுகள் தூக்கம் கெட்டிருக்காது என்று எண்ணிப் பார்க்கிறேன். உறவினர்களிடம் தேதியைக் காட்டினேன். நம்பியவர்கள் பாதி, நம்பாதவர்கள் பாதி.

மூன்று வழக்குகளையும் ஒரே நீதிபதியிடம் சேர்க்கக் கோரும் மனுவையும் கொடுத்தோம். கணவரின் தரப்பு எதிர்க்கவில்லை. அவர்களுக்கும் அலைச்சல் அலைச்சல்தான் போலிருக்கிறது. குறுக்கு விசாரணை பாதியில் இருப்பது மணமுறிவு மனுவில் என்பதால், மற்ற இரண்டையும் அது இருக்கும் நீதிமன்றத்துக்கே அனுப்பி முதன்மை நீதிபதி ஆணையிட்டார். இப்போது ஒரே நாளில் மூன்றும் அழைக்கப்படுகின்றன.

ஒரே ஒரு ஐயம் மிச்சமிருக்கிறது. முதல் நீதிபதி முன் நான் சொன்ன சாட்சியத்தில் ஒரு பகுதி, தட்டச்சில் பொருள் மாறிப் பதிவாகியிருக்கிறது. அவர் நேரில் கேட்டிருந்ததால் அப்போது அதைப் பெரிதாக நினைக்காமல் கையொப்பமிட்டுவிட்டேன். இப்போதைய நீதிபதி அந்தத் தாளை மட்டும்தான் படிப்பார் என்னும்போது அச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?


வைகைக்கரை வழக்கறிஞர் எழுதியது:

18ஆம் கட்டளையின் 17ஆம் விதியின் கீழ், ஏற்கெனவே விசாரிக்கப்பட்ட சாட்சியை நீதிமன்றம் மீண்டும் அழைத்துக் கேள்வி கேட்கலாம். விட்டுப்போனதை நிரப்பிக்கொள்வதற்கான வழியாக அதைப் பயன்படுத்த விட மாட்டார்கள். ஐயத்தைத் தெளிவுபடுத்த மட்டுமே அனுமதிப்பார்கள். உங்கள் குறுக்கு விசாரணை இன்னும் முடியாததால் அதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. குறுக்கு விசாரணையில் அந்தப் பகுதி தொடப்பட்டால், அது முடிந்ததும் உங்கள் வழக்கறிஞர் மறு விசாரணையில் (குறுக்கு விசாரணைக்குப்பின் சாட்சியிடம் அவர் தரப்பே மீண்டும் கேள்வி கேட்பது) அதே வரியைக் காட்டி விளக்கம் கேட்கலாம். எந்தப் பக்கம், எந்த வரி என்று இப்போதே குறித்துக் கொடுத்துவிடுங்கள். இம்முறை கையொப்பமிடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துவிட்டு இடுங்கள். அவசரப்படுத்தினாலும் படிப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.


பழைய சிரஸ்தார் எழுதியது:

அம்மா, கோடை விடுமுறைக்கு முன் உங்கள் சாட்சியத்தை முடித்துக்கொள்ள முயலுங்கள். இடமாறுதல் பட்டியல் வந்த பிறகு எந்த நீதிபதியும் புதிதாகக் குறுக்கு விசாரணை தொடங்க விரும்ப மாட்டார். வாய்தா தேதி கேட்கும்போது பெஞ்ச் கிளார்க்கிடம் மூன்று வழக்கு எண்களையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மூன்றுக்கும் மறுபடி மூன்று தேதிகள் விழுந்துவிடும்.